கால் சுடாத வாசல்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படி ஏறியவன் நான். சிவில் இன்ஜினியரிங் முடித்து, இரண்டு கம்பெனிகளில் சைட் பார்த்துவிட்டு, இனித் தனியாகத்தான் வேலை எடுப்பது என்று முடிவு செய்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை, திருமயம் பக்கம் ஒரு வாசல். வீடு இல்லை, வாசல் மட்டும்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். நின்று திரும்பினாள்.

"வீட்ட எவனோ கட்டிருவான், வாசல மட்டும் நீ கட்டுவியா? இதுக்கா நாலு வருசம் படிச்ச?"

"இது பேவர் பிளாக் வேலைம்மா, சிமெண்டுக் கல்லுப் பதிக்கிறது. வெயில் பாத்து, வாட்டம் பாத்து, பிளான் போட்டுச் செய்யணும்."

"வெயில என்னத்தடா தனியாப் பாக்குறது? அதான் மண்டையப் பொளக்குதே."

எனக்கோ தரையில் கால் பாவவில்லை. பைக்கில் போகும்போதெல்லாம் வழியில் தெரிந்த ஒவ்வொரு வீட்டு வாசலையும் மனசுக்குள் அளந்துகொண்டே போனேன்.

வீட்டுக்காரர் பல வருடம் வளைகுடாவில் இருந்து திரும்பியவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சித்திரையில் அவர் மகளுக்குக் காதுகுத்து. அதற்குள் கேட்டிலிருந்து வீட்டுப் படிவரை கிடந்த செம்மண் தரை முழுவதும் பேவர் பிளாக் ஆகிவிட வேண்டும். போனை எடுத்து ஒரு படம் காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் கன்னங்கரேலென்று பதித்த தரை.

"இதே மாதிரி வேணும் தம்பி. கருப்புதான் கெத்து."

"சுடும்ணே."

"பாலைவனத்துலயே போட்டிருக்கான். அத விடவா நம்மூரு வெயிலு?"

பாலைவனத்தில் இருந்து வந்தவரிடம் வெயிலைப் பற்றி நான் என்ன சொல்வது?

அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது லாரிகள் நிற்கிற இடம். ஓரத்தில் நாலைந்து பேர் நின்றார்கள், அத்தனை பேர் காலிலும் கனத்த பூட்ஸ். அப்புறம் பாலைவன ஊர்களில் வீட்டு முற்றங்களுக்கு எப்படித் தளம் போடுகிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். மனிதர்கள் உட்காருகிற இடம் என்றால் அவர்களும் வெளிர் நிறம்தான் போடுகிறார்கள். மரம் நிற்கிற இடத்தைத் தொடாமல் விடுகிறார்கள். மத்தியானத்துக்குப் பிறகு நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துத்தான் உட்காரும் இடத்தையே முடிவு செய்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. கல்லூரியில் எந்தப் பாடமும் இப்படி என்னைப் பிடித்து உலுக்கியதில்லை.

விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

"அண்ணே, படத்துல இருக்கவன் பூட்ஸ் போட்டிருக்கான். நம்ம ஆளுக செருப்பக் கேட்டுக்கு வெளியவே விட்டுட்டு வருவாங்க. காதுகுத்துக்கு எத்தன மணிக்குச் சீர் வரும்?"

"உச்சிக்கு வந்துரும்."

"தாம்பாளம் தூக்கி வர்ற பொம்பளைக எல்லாம் வெறுங்காலோட இந்தக் கருப்பு மேல நடக்கணும். சுட்டா ஓடவும் முடியாது, கையில சீரு."

அண்ணன் சிரித்துவிட்டார். "எல்லாரும் வயக்காட்டுல நிக்கிறவங்க தம்பி."

"வயக்காடு மண்ணுண்ணே. இது சிமெண்டு. கோயில் பிரகாரத்துல வெள்ளையாப் பட்டை அடிச்சு வச்சிருக்காங்கள்ல? மத்தியானம் போனா நீங்க எது மேல ஓடுவீங்க?"

அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் விடவில்லை. "சாம்பிள் போட்டுக் காட்டு. எனக்குக் கருப்புதான் புடிச்சிருக்குன்னா அதான். முடியாதுன்னா சொல்லு, திருச்சிப் பார்ட்டி ரெடியா இருக்கு."

கருப்பைப் போட்டால் முதல் வேலை கையில் இருக்கும். ஆனால் சீர் வருகிற அன்று ஊர் முன்னால் அத்தனை பேரும் குதித்துக்கொண்டு ஓடுவார்கள், யார் போட்ட வாசல் என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கருப்பைப் போடமாட்டேன் என்றால் முதல் வேலையே இல்லை.

கேட்டை ஒட்டி நான்கு சாம்பிள் பதித்தேன். கருப்பு, சிவப்பு, சாயம் போடாத சிமெண்டு நிறம், சந்தன நிறம். மத்தியானம் ஒரு மணிக்கு வந்து நின்று பாருங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். நாலிலும் நடந்து பார்த்தார்.

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. கருப்பே போடு."

உள்ளேயிருந்து அண்ணனின் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் அக்கா என்பேன். வாசலில் கோழி எச்சம் விழாமல் இருந்தால் போதும், நிறம் எதுவானாலும் சரி என்பது அவர் கட்சி. அண்ணன் உள்ளே போனதும் என் பக்கம் வந்தார்.

"நாளைக்கு மத்தியானம் வாங்க தம்பி. என் தம்பி சீர் விசயமாப் பேச வாரேன்னுருக்கான். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் உச்சியில் தாய்மாமன் வந்து இறங்கினார். அக்காள் வீட்டுக்குள் செருப்போடு நுழைகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கேட்டிலேயே கழற்றிவிட்டு, நேராக எட்டு வைத்தது கருப்பு மேல்.

"ஆத்தாடி!" என்று ஒரு துள்ளு துள்ளிச் சந்தன நிறத்துக்குத் தாவினார். "என்னக்கா இது, தோசைக்கல்லப் பதிச்சு வச்சிருக்கீங்க?"

வெளியே வந்த அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன மாப்ள, இதுக்கே இப்புடியா? காலு பூப்போல இருக்கு போல."

"அப்ப நீங்க வந்து நில்லுங்க மச்சான். பாலைவனத்துல இருந்த காலு, பாப்போம்."

"நிக்கிறேன். நீயும் நில்லு. எவன் மொதல்ல எறங்குறான்னு பாப்போம்."

அக்கா நடுவராகப் படியில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் வேட்டியை மடித்துக்கட்டிக் கருப்பில் ஏறினார்கள். அண்ணன் முதலில் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பிறகு ஒற்றைக் காலில் நின்றார். பிறகு காலை மாற்றினார். 

"என்னங்க, பரதநாட்டியமா?" என்றார் அக்கா.

"பேசாம இருடி."

"மச்சான், எறங்கிருங்க. காலு மருதாணி வச்ச மாதிரி செவந்துருச்சு."

அண்ணன் தாக்குப்பிடிக்க முடியாமல் பக்கத்தில் சிவப்புக்குத் தாவினார், அதுவும் சுட்டு, கடைசியாகச் சந்தன நிறத்தில் வந்து நின்று பெருமூச்சு விட்டார். தாய்மாமன் அதற்கு முன்பே இறங்கிவிட்டிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. சிரிப்பை அடக்கியதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சரி தம்பி," என்றார் அண்ணன், காலைத் தேய்த்துக்கொண்டே. "இதையே போடு. ஆனா சுத்தி ஓரத்துக்கு ஒரு வரிசை கருப்பு வேணும். எனக்குன்னு ஒரு ஆச இருக்குல்ல?"

அதற்கு மறுப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் பார்த்ததைப் போல நான் எப்போதும் வேலை பார்த்ததே இல்லை. மேற்கு மூலையில் நின்ற வேம்பைச் சுற்றி வட்டமாக மண்ணாகவே விட்டேன். இரண்டு மணிக்கு மேல் அதன் நிழல் கிழக்கே நீண்டு வாசலின் பாதியைப் பிடிக்கும். அங்கேதான் நாற்காலிகள். மழைத் தண்ணீர் ஓட வடகிழக்கில் வாட்டம் கொடுத்தேன். ஈசானி மூலை என்பதால் அண்ணனுக்கு அதில் மட்டும் மறுபேச்சே இல்லை. வெயிலுக்கும் வண்டிக்கும் கற்கள் விலகிவிடாமல் நாலு ஓரமும் கான்கிரீட் பிடித்துக் கட்டினோம். கிராவல் மண் போட்டு இறுக்கி, அதன் மேல் எம்-சாண்ட் மணல் பரப்பி, நூல் கட்டி, ரசமட்டம் வைத்து வைத்துப் பார்த்து வரிசை வரிசையாகப் பதித்தோம். இடுக்குகளைச் சிமெண்டு பூசி அடைக்காமல் மணலாலேயே நிரப்பினோம். காலையில் தண்ணீர் தெளித்தால் இடுக்கில் இறங்கி நிற்கும், ஏறுகிற வெயிலுக்கு அது கொஞ்சம் ஈடு கொடுக்கும் என்பது என் கணக்கு.

காதுகுத்து அன்று காலையிலேயே போய் ஹோஸ் பிடித்து வாசல் முழுக்க நானே நனைத்தேன். உச்சி நெருங்கியது. தூரத்தில் மேளம் கேட்டது.

சீர் வந்தது. தாய்மாமன் முன்னால், பின்னால் தாம்பாளம் தூக்கிய பெண்கள், எல்லோரும் வெறுங்கால். தார் ரோட்டில் அவர்கள் நடந்து வந்ததை நடை என்று சொல்ல முடியாது. தாம்பாளம் ஆடாமல் இடுப்புக்குக் கீழே மட்டும் ஓட்டம். கேட்டில் கருப்பு வரிசை வந்தது. முன்னால் வந்தவர்கள் ஒரு தாண்டு தாண்டினார்கள்.

அப்புறம் நடை மெதுவானது. ஒரு பெண் குனிந்து காலடியைப் பார்த்தார். இன்னொருவர் நின்றே விட்டார். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ குலவை போட்டார்கள். தாம்பாளங்களை அங்கேயே வாசலில் இறக்கி வைத்துவிட்டு வட்டமாக நின்று கும்மி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உச்சி வெயிலில், வெறுங்காலில்! எனக்கு ஓடிப்போய் நடுவில் நானும் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும்போல இருந்தது.

"நேரமாகுது, உள்ள வாங்க! பிள்ள அழுகுது!" என்று பந்தலிலிருந்து அக்கா கத்தினார். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

"யாரு மச்சான் இந்த வாசல் போட்டது?" என்று தாய்மாமன் வேண்டுமென்றே எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார்.

அண்ணன் என்னைக் கைகாட்டினார். சீரோடு வந்தவர்களில் ஒருவர் அப்போதே என் போன் நம்பரை வாங்கினார். கொடும்பாளூர் பக்கம் வீடாம். "வீடா, வாசலாண்ணே?" என்று கேட்டேன். "மொதல்ல வாசல்," என்றார்.

பந்தி முடிந்து நிழல் கிழக்கே வந்தபோது அண்ணன் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கேட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கருப்பு வரிசையைத் தாண்டிக் குதித்தே உள்ளே வந்தார்கள்.

"தம்பி, அந்த ஓரத்தையும் மாத்திருவமா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா வெற்றிலைத் தட்டோடு அங்கே வந்தார்.

"அது கெடக்கட்டும். காலையில இருந்து ஒரு கோழி அதத் தாண்டி வரல."