ஆடியில் வந்த சாவி

போன வாரம் முழுக்கக் கடலூர் முதுநகரில் இருந்தேன். சிதம்பரம் திரும்பி இரண்டு நாளாகியும் அலுப்பு தீரவில்லை... பஸ் காரணமில்லை.

அக்கா குடும்பம் அங்கே தகரக் கொட்டகையில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு ஊரைச் சீர்படுத்துகிறோம் என்று, அவர்கள் குடியிருந்த பழைய லைன் வீடுகளை இடித்துவிட்டு, அதே இடத்தில் வரிசையாக மூன்று மாடிக் கட்டடங்கள் எழுப்பினார்கள். விற்க அல்ல, வாடகைக்கு விட. நல்ல திட்டம்தான் – யார் இல்லை என்றது? இதோ அதோ என்று இழுத்து, ஒருவழியாகச் சாவி கொடுத்தார்கள்.

எப்போது? ஆடி மாதத்தில்.

ஆடியில் வீடு மாறுகிறவர்களை நம்மூரில் பார்த்திருக்கிறீர்களா? போதாக்குறைக்கு, அக்கா மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு வீடு மாறக் கூடாது என்பது அக்கா கட்சி. ஜூலை முடிவதற்குள் குடிவராவிட்டால் வீடு அடுத்தவருக்கு என்பது ஆபீஸ் கட்சி. அந்த வாடகைக்கு வெளியே ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது.

அக்கா வீட்டுக்காரரும் நானும் அதிகாரியைப் பார்க்கப் போனோம். மாமாவுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை; அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

“ஆவணி பொறந்ததும் வந்துடறோம் சார்.”

“ஆடி, ஆவணியெல்லாம் கவர்மெண்டுக்குத் தெரியாதுங்க. காத்திருக்கறவங்க ஜாஸ்தி. நீங்க வரலன்னா அவுங்க வந்துடுவாங்க,” என்றார் அதிகாரி.

அப்போது பார்த்து அவருடைய செல்போன் அடித்தது. வீட்டம்மா போலிருக்கிறது.

“டிரான்ஸ்பர்னா என்ன, நான் மட்டும் போய் ஜாயின் பண்றேன். சாமானெல்லாம் ஆவணியில ஏத்திக்கலாம்னு சொன்னேனே...”

சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு ஃபேனைப் பார்த்தார். நாங்களும் ஃபேனைப் பார்த்தோம்.

“எனக்கும் மேல இருந்து உத்தரவுங்க,” என்றார். குரல் இறங்கியிருந்தது. அவரை நொந்து என்ன பயன்? சாக்கடை எப்படி ஓட வேண்டும், படிக்கட்டு எவ்வளவு அகலம் – எல்லாம் அளந்து கட்டியிருக்கிறார்கள். கட்டட வரைபடம் மாட்டியிருந்த சுவரிலேயே தினசரி காலண்டரும் தொங்கியது. சாவி கொடுக்க நாள் குறித்தவர் அதை ஒரு தரம் பார்த்திருக்கலாம்.

அன்று மாலையே செல்விக்கு வலி எடுத்தது. பெரியாஸ்பத்திரியில் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. வீட்டுக்கு அனுப்பிய அன்று, ஆட்டோவில் ஏறியதும் செல்வி என்னிடம் சொன்னாள்:

“மாமா, கொட்டாய்க்கு வேணாம். வெயில்ல தகரம் கொதிக்குது, பச்சப் புள்ள தாங்காது. புது வூட்டுக்கு வுடச் சொல்லுங்க.”

“பால் காய்ச்சல, ஒண்ணும் பண்ணல. தீட்டு வேற. ஆடிடி,” என்றாள் அக்கா.

“நீ ஆவணியில வாம்மா. நாங்க ரெண்டு பேரும் இப்ப போறோம்.”

 அக்கா வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்தால் பெயிண்ட் வாசனை. சாமி படம்கூட இல்லாத வெறும் வீடு. செல்வி பாயை விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள்.

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர். உள்ளே போனால் பேரனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, போகாவிட்டால் வீடு கைவிட்டுப் போய்விடுமோ... இரண்டு பயமும் அவளுக்கு உண்மைதான். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

“பால் காய்ச்சாத வூட்டுல எப்பிடிடா தம்பி கால் வெப்பேன்?”

“உள்ள பாருக்கா,” என்றேன். “உம் பேரன் இந்த வூட்டு மொதப் பாலக் குடிச்சிக்கிட்டு இருக்கான்.”

அக்கா எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.