சாமிக்குச் சொல்லும் சேதி

முதல் அறிகுறி எங்கள் கண்ணெதிரிலேயே இருந்தது. அம்மாவின் நகங்கள் கறுத்திருந்தன. விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் கவிழ்த்துவைத்த கரண்டிபோல மேடாகியிருந்தன. நான் பார்த்தேன், அப்பா பார்த்தார், அக்கம்பக்கத்துப் பெண்களும் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னோம். ஏலக்காய்க் கறை.

எங்கள் பக்கத்துப் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எங்கள் ஊரான ராசிங்காபுரத்திலிருந்து விடியும் முன்பே ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டத்தில் பொழுதுக்கும் காய் எடுப்பவர்களுக்கு விரல்கள் கறுத்துப்போகும். புளி, எலுமிச்சந்தோல், தேங்காயெண்ணெய் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் காய் எடுப்பு முடியும்வரை போகாது. அந்தக் கையால்தான் அம்மா எனக்குச் சோறூட்டினாள், தலை பின்னினாள். கறையில்லாத அவள் கையை நான் பார்த்ததே குறைவு. இருமலுக்கும் எங்களிடம் பதில் தயாராக இருந்தது: மலைக்குளிர், காய் உலர்த்தும் ஸ்டோரின் புகை. மூச்சு வாங்கினால் வயசாகிவிட்டது என்றோம்.

நான் போடியில் பள்ளி ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்த அம்மா, மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கூடை நிறையக் காயோடு மலைச்சரிவில் ஏறி இறங்கியவள், ஒரு பையில் முருங்கைக்காயோடு என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுமை குறைவு. அன்றைக்கே சண்டை போட்டு, அந்த வாரமே அவளையும் அப்பாவையும் மதுரைக்கு அழைத்துப்போனேன்.

மருத்துவர் ஒரு பெண்மணி. ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"கையில என்னம்மா இது?"

"ஏலக்காக் கறைங்க டாக்டரம்மா. எம்புட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குது."

"கடைசியா எப்பக் காய் எடுத்தீங்க?"

அம்மா சிரித்தாள். "அத விட்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. ஏத்தம் ஏற முடியல."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு முன்பு விட்ட வேலையின் கறை எப்படி இன்னும் இருக்கும் என்ற கேள்வி எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

ஆக்சிமீட்டரை (விரல் நுனியில் மாட்டி, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் எனும் உயிர்வளியின் அளவைக் காட்டும் சிறு கருவி) மாட்டினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மாலையில் மருத்துவர் எங்கள் இருவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நோயின் பெயர் நுரையீரல் நார்த்திசு நோய் (பஞ்சுபோல இருக்கவேண்டிய நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போவது). விரல் உருண்டதும் நகம் நீலம் பாரித்ததும் உயிர்வளி போதாததால் என்றார். புகையாலா, பூச்சிமருந்து தெளித்த காற்றாலா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, காரணம் தெரியாமலும் வரும் என்றார். மாத்திரைகள் வேகத்தைக் குறைக்கலாம், போன நுரையீரல் திரும்பாது.

"அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "வேணாங்க தாயி. அவகிட்டச் சொல்ல வேணாம். மனசு ஒடைஞ்சுபோவா."

நான் மறுத்துப் பேசவில்லை. ரயிலில் திரும்பும்போது அப்பா அம்மாவிடம், "நெஞ்சுல சளி கட்டியிருக்காம். மருந்தச் சாப்புட்டாச் சரியாப் போகும்" என்றார். அம்மா தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து இருவரும் என் வீட்டிலேயே தங்கினார்கள்.

இந்த இடத்தில் அம்மாவின் பக்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் சாமியிடம் எதையும் கேட்டதில்லை. சேதி சொல்லுவாள், அவ்வளவுதான். தோட்டத்தில் முதலில் பறித்த ஒரு பிடிக் காயை மரத்தடிக் கல்லின்முன் வைக்கும்போது மற்றப் பெண்கள் மகனுக்கு வேலை, மகளுக்கு வரன் என்று வேண்டிக்கொள்வார்கள். அம்மா அன்று ஜீப்பில் யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வருவாள். சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றி மறுபடியும் ஒரு சேதி. "இன்னைக்கு நல்ல மழ சாமி. காய் கம்மி. வழுக்கி விழுந்தவளப் பாத்து நான் சிரிச்சுப்புட்டேன். அது தப்புத்தான். அம்புட்டுத்தான்." அப்பா பின்னால் கைகூப்பி நிற்பார், வாய் திறக்க மாட்டார். "அவுக சேதியவும் நானே சொல்லிருதேன், பாவம், வாயில்லாச் சீவன்" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

சாமிக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "தெரிஞ்சா என்னடி? நம்ம வாயால சொல்லணும்ல?" என்றாள். என்னையும் சொல்ல வைப்பாள். ஏழாம் வகுப்பில் நான் கணக்கில் தோற்றதை அந்த விளக்கின்முன் சொல்லித்தான் வீட்டுக்குத் தெரியும். யாரும் அடிக்கவில்லை. மறுநாள் அப்பா தோட்டத்துக்குப் போகாமல் என்னோடு பள்ளிக்கு வந்தார். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "எம்புள்ளைக்குக் கணக்கு வரலைங்க சார். நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார். வெட்கப்படாமல் அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. இன்று நான் சொல்லித்தருவது கணக்குப் பாடம். தெரியாததைத் தெரியாது என்று என் வகுப்புப் பிள்ளைகள் பயமில்லாமல் சொல்கிறார்கள் என்றால், அது இந்த இருவர் போட்ட பிச்சை.

அப்படிப்பட்ட அம்மா, மதுரையிலிருந்து வந்த அன்று சாயங்காலம் விளக்கின்முன் நின்று சொன்னாள்: "சளிதானாம் சாமி. மருந்து குடுத்திருக்காக. சரியாப் போகுமாம். அம்புட்டுத்தான்."

அப்பா கொல்லைப்புறம் போய்விட்டார். எனக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு கான்சன்ட்ரேட்டர் (அறைக்காற்றிலிருந்து உயிர்வளியைப் பிரித்துத் தரும் பெட்டி) வந்தது. மூக்கில் குழாய் வந்தது. சளிக்கு இதெல்லாம் எதற்கு என்று அம்மா ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனால் விளக்கின்முன் உடம்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பால்காரர் வரவில்லை, பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தது என்று ஊர்ச்சேதியாகச் சொல்லி முடித்துக்கொள்வாள். ஒரு மத்தியானம் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது, முகத்தை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"செல்வி, எனக்கு என்னன்னு நீ சொல்லு. பொய்ச் சேதியோட சாமி முன்னாடி நிக்க எனக்குக் கூச்சமா இருக்குடி."

டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு வெளியே வந்து அப்பாவிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் என்மேல் சத்தம் போட்டார். "சொல்லிப்புட்டா நாளைக்கே போயிருவா. கொல்லப் பாக்குறியா அவள?"

"சொல்லாட்டி மட்டும் இருந்துருவாளாப்பா?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அப்பா சொல்வதுபோல நடந்துவிட்டால் என்ன செய்வேன்? ஆனால் எந்த வாயால் உண்மையைச் சொல்லப் பழக்கினாளோ அந்த வாயாலேயே அவளை ஏமாற்ற எனக்கு முடியவில்லை. உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சையை எடுத்துக்கொண்டேன்.

"சளி இல்லம்மா. நுரையீரல் காஞ்சு விறைச்சுக்கிட்டே வருது. இது திரும்பாதாம்."

"வலிக்குமா?"

"வலிக்காது. மூச்சு முட்டும். அதத் தணிக்க மருந்து இருக்கு."

"எம்புட்டு நாளைக்கு?"

"தெரியலம்மா. டாக்டருக்கும் தெரியல."

அவள் இன்னும் கொஞ்சம் மொச்சை உரித்தாள். பிறகு அழுதாள். தைரியசாலி என்று கதை கட்டமாட்டேன், நன்றாக அழுதாள். அழுதால் மூச்சு முட்டும், மூச்சு முட்டினால் அழ முடியாது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அப்பாவிடம் அம்மா பொழுது சாயும்வரை பேசவில்லை. அவர் வைத்த காபியைத் தள்ளி வைத்தாள்.

சாயங்காலம் குழாயை இழுத்துக்கொண்டு விளக்கு வரைக்கும் வந்தாள். "எனக்கு நுரையீரல் போச்சாம் சாமி. இனி வராதாம். இவுக எங்கிட்ட மறைச்சுப்புட்டாக. பயத்துல மறைச்சாக, நீ கோவிச்சுக்கிராத. எனக்கும் பயமாத்தான் இருக்கு. அம்புட்டுத்தான்."

பின்னால் நின்ற அப்பா தேம்பினார். திரும்பிப் பார்த்த அம்மா, "காபி இருக்கா?" என்றாள்.

எனக்கோ கோபம் தாங்கவில்லை. "ஒரே ஒரு தடவ, குணமாக்குன்னு கேட்டுத்தான் பாரேம்மா" என்றேன்.

"கேட்டு, சாமியால குடுக்க முடியலைன்னா அதுக்குச் சங்கடமா இருக்காதா?" என்றாள் அம்மா. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. கொடுக்க இயலாதவனிடம் போய்க் கேட்டு அவன் முகத்தைச் சுண்டவைக்கக் கூடாது என்று மனிதர்கள் விஷயத்தில் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. சாமியையும் அதில் சேர்த்திருந்தாள்.

சொன்னதால் அவள் மறுநாளே போய்விடவில்லை. அடுத்த மழைக்காலம்வரை இருந்தாள். அந்த மாதங்களை நல்ல மாதங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளியலறைக்குப் போய்வருவதே ஒரு மலையேற்றமாகிவிட்டது. ஆனால் வீட்டில் நாங்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடப்பது நின்றது. மூச்சுத்திணறலைத் தணிக்கச் சிறு அளவில் மார்ஃபின் (கடும் வலிக்கும் கொடுக்கும் மருந்து) ஆரம்பித்தபோது அது எதற்கு என்று அவளிடமே சொன்னோம். ஆஸ்பத்திரியில் சேர்த்து மூச்சுக் கருவியில் போட வேண்டாம் என்பதை அவளே மருத்துவரிடம் சொன்னாள். எந்தச் சேலையைக் கட்டிவிட வேண்டும் என்றும் சொன்னாள். "அந்தப் பச்ச வேணாம், அதுல நான் கருப்பாத் தெரிவேன்" என்றபோது மூன்று பேரும் சிரித்தோம்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோயும் இப்படி ஒரு ரகசியமும் இருக்கலாம். சொல்வதா வேண்டாமா என்பதற்கு எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற பதில் என்னிடம் இல்லை. உங்கள் நோயாளி எப்படி வாழ்ந்தவர் என்று பாருங்கள், அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. நகம் நீலம் பாரித்தாலோ, விரல் நுனி உருண்டாலோ கறை என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசி வாரங்களில் சேதி சுருங்கிக்கொண்டே வந்தது. நான்கு வாக்கியம் இரண்டாயிற்று, பிறகு ஒன்று. படுக்கையிலிருந்து விளக்கு தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டோம். ஒரு சாயங்காலம் நெடுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றாள். நான் விளக்கைத் தூண்டப்போன கையோடு நின்றுவிட்டேன். "இவுகளத் தனியா விட்டுறாத."

அவள் சாமியிடம் கேட்டு நான் கேள்விப்பட்டது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. மழை விட்டிருந்த ஒரு பகல் நேரத்தில், அப்பா அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது.

எனக்கு எந்த நோயும் இல்லை. பரிசோதித்தும் பார்த்தாயிற்று. ஆனாலும் என் உடம்பு அம்மாவின் வேகத்துக்குப் பழகிவிட்டது. மாடிப்படியில் பாதியில் என் கால் தானாக நிற்கிறது. வகுப்பில் பிள்ளைகளின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்கிறது. முன்பெல்லாம் அடுத்த வாரம், அடுத்த பரீட்சை என்று ஓடுவேன். இப்போது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் உள்ள நேரமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

போன வாரம் அப்பாவும் நானும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். தெரு லேசாக ஏறுகிற இடத்தில் இருவரும் சொல்லிவைத்ததுபோல நின்றோம். எங்கள் இருவருக்குமே மூச்சு வாங்கவில்லை. பஸ் வருகிற சத்தம் கேட்டது. அப்பா நகரவில்லை.

"அவ இல்லாம எனக்கு முடியல தாயி" என்றார்.

சரியாகப் போகும் என்று எல்லோரையும் போல நானும் சொல்லியிருக்கலாம். "எனக்கும் முடியலப்பா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பஸ் போய்விட்டது. அடுத்தது வரும்வரை அங்கேயே நின்றோம்.