ராசிபுரத்தில் சுட்ட மணப்பாறை முறுக்கு

நாமக்கல் போகும் பஸ் ராசிபுரத்தில் நிற்கிறது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். பக்கத்து இருக்கையிலிருந்த பிரெஞ்சுப் பாதிரியாரும் நானும் இறங்கி, 'அசல் மணப்பாறை முறுக்கு' என்று பலகை மாட்டிய கடைமுன் நிற்கிறோம். உள்ளே கடைக்காரரின் மனைவி மாவைப் பிழிந்துகொண்டிருக்கிறார்.

"மணப்பாறையிலிருந்து வருகிறதா?" என்று பாதிரியார் இலக்கணத் தமிழில் கேட்கிறார்.

"இல்லீங்க சாமி, இங்கயே சுடறதுங்க. நெய்க்குப் பேர்போன ஊருங்களா, ராசிபுரம் முறுக்குன்னு போட்டா, நெய்யில சுட்டதான்னு கேட்டு உசுரெடுக்கறாங்க," என்கிறார் கடைக்காரர்.

பாதிரியார் முகம் சிவக்கிறது. அவர் நாட்டில் இப்படி வேறு ஊர்ப் பெயரைப் போட்டால் வழக்கு வருமாம். அவருடைய அப்பாவே திராட்சை மதுவுக்குப் பக்கத்து ஊர்ப் பெயரை ஒட்டி விற்று மாட்டிக்கொண்டாராம்.

இங்கே மதுவிலக்கு அமலில் இருக்கும் காலம். கடைக்காரர் குரலைத் தாழ்த்துகிறார்.

"சாராயக் கேசுங்களா?"

"மது விற்றது குற்றமில்லை. பெயர்தான் குற்றம்."

கடைக்காரருக்கு விளங்கவில்லை. மனைவிக்கு மனம் இளகிவிடுகிறது.

"பாவம், பெரியவரை இங்க வரச் சொல்லுங்க சாமி. எந்த ஊர்ப் பேரை வேணா ஒட்டிக்கலாங்க. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"ஆமா, பேரை விட்டுட்டு சரக்கைப் புடிச்சுக்குவாங்க," என்கிறார் கடைக்காரர்.

பாதிரியார் தாடி குலுங்கச் சிரிக்கிறார். இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு, மணப்பாறையில் இதைவிட நன்றாக இருக்குமா என்று என்னைக் கேட்கிறார்.

நான் அந்த ஊர்ப் பக்கமே போனதில்லை. இருக்கவே இருக்காது என்று அடித்துச் சொல்கிறேன்.