பெட்டியோடு வரும் மைக்

ராயப்பன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தம்பி ஜெய்சனின் காதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தமாட்டார். சர்ச் ஒலிபெருக்கியில் சின்னக் கரகரப்பு வந்தாலும் ஜெய்சனைத்தான் கூப்பிடுவார்கள். அதனால், வீட்டு டிவிக்கு, ஐந்து ஸ்பீக்கரை இயக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவர் பெட்டி வாங்க அவனையே தல்லாகுளத்துக் கடைக்கு அழைத்து வந்தார். நாற்பதாயிரத்துக்குள் இரண்டைத் தேர்ந்து நோட்டில் குறித்திருந்தார். விலை கூடியதில் ஒரு மைக் வரும். அதை அறையில் வைத்தால் ஐந்து ஸ்பீக்கரின் ஒலியையும் அளந்து ரிசீவரே சரிசெய்துகொள்ளும்.

“மைக்குக்கு எதுக்குண்ணே தண்டக் காசு? என் காது இருக்குல்ல!” என்று வழியெல்லாம் கேலி செய்தான் ஜெய்சன்.

கடைக்காரர் மலிவானதில் மழைச் சத்தத்தை ஓடவிட்டார். ஜெய்சன் கண்ணை மூடிக் கேட்டான். “அம்புட்டும் சரியா இருக்குண்ணே. சுத்திலும் மழை பெய்யுது.”

“என்ன மாப்ள, பின்னால இடது ஸ்பீக்கருக்கு நான் இன்னும் வயரே மாட்டலையே!” என்று கடைக்காரர் சிரித்தார்.

ராயப்பன் சிரிக்கவில்லை. சில மாதங்களாகத் தம்பி போனை வலது காதுக்கே கொண்டுபோவது நினைவுக்கு வந்தது. வரும்போது அவன் ஓட்டிய பைக்கில், பின்னாலிருந்து அவன் இடது தோள் பக்கமாகத் தான் சொன்ன எதற்கும் பதில் வராததும்.

கடைக்காரர் வயரை மாட்டினார். ஜெய்சன் முகத்தில் மாற்றமே இல்லை. மெல்லத் திரும்பி வலது காதை அந்த ஸ்பீக்கருக்குக் காட்டியபோதுதான் அதிலும் மழை கேட்டது; அவன் முகம் வெளுத்தது.

“அண்ணே, மைக் உள்ளதையே எடுத்துக்குவோம்” என்றான், தரையைப் பார்த்தபடி.

ராயப்பன் நோட்டை மூடினார்.

“எடுப்போம், இன்னைக்கு வேணாம். சாவியக் குடுடா, வண்டிய நான் ஓட்டுறேன். மொதல்ல காது டாக்டரப் பாப்போம்.”