வைரம் விற்றவள் உட்கார்ந்த கதை

அந்த நகைக்கடையின் வைரப் பிரிவில் பல வருஷமாக நின்றுகொண்டே விற்றவள் அவள். வாய்க்குப் பஞ்சமில்லை, குதிகால்தான் கெஞ்சும்.

வரவர வாடிக்கையாளர்கள், "இது எந்தச் சுரங்கத்துக் கல்லு? அங்க யாரையும் கசக்கிப் பிழியலையே?" என்று துருவ ஆரம்பித்தார்கள். முதலாளியும் ஆட்களை நல்லபடியாக நடத்தும் ஒரு சுரங்கத்தின் கல்லை மட்டுமே வாங்கினார். அதன் பெருமைகளை அவளை மனப்பாடம் செய்ய வைத்தார்.

ஒருநாள், கல்யாணம் நிச்சயமான பெண்ணொருத்தி அம்மாவோடு மோதிரம் பார்க்க வந்தாள். அவளும் அதையே கேட்டாள்.

விற்பனைக்காரி மடமடவென்று ஒப்பித்தாள். "அங்க யாரையும் மிரட்டி வேலை வாங்குறதில்லம்மா. கால் அளவுக்கு பூட்ஸ் குடுக்குறாங்க. நிம்மதியா சாப்பிட விடுறாங்க. நடுநடுவுல உட்கார நாற்காலி..."

நாற்காலி என்றதும் நாக்கு நின்றது. குதிகால் சுரீரென்றது. கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, அந்தச் சுரங்கத்துல ஆள் எடுக்குறாங்களான்னு கொஞ்சம் விசாரிங்களேன்."

பெண்ணின் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முதலாளியும் சிரித்து வைத்தார், ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. பெண் மட்டும் சிரிக்காமல், "முதல்ல அக்கா உட்காரட்டும். அப்புறம் மோதிரம் பார்க்கலாம்" என்றாள்.

வேறு வழியில்லாமல் முதலாளி தன் நாற்காலியையே தள்ளிக்கொண்டு வந்தார். மோதிரம் விற்றது. மறுநாளே கடையில் நின்று விற்கும் ஒவ்வொருத்திக்கும் ஒரு ஸ்டூல் வந்து இறங்கியது.

உட்கார்ந்து பழக்கமில்லாததால் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதை மட்டும் முதலாளியிடம் அவள் மூச்சுவிடவில்லை.