பதினைந்து கிலோ நண்டு

போன வெள்ளிக்கிழமை மத்தியானம். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது.

டி.வி.யில் கீழே ஓடிக்கொண்டிருந்த எழுத்து அப்படி. கடலோரத்தில் பலத்த மழை… ஆறுகளில் யாரும் இறங்க வேண்டாம்… அதைப் படித்ததும் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். கன்னியம்மா!

கன்னியம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். போன மாசம் இதே பக்கத்தில் அவரைப் பற்றித் தம்பட்டம் அடித்திருந்தேனே! தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். போலகம் தாண்டி ஆற்றங்கரையில் சில இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர் கன்னியம்மா. வயசு நாற்பதுக்குள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. தண்ணீர் வற்றுகிற நேரமாகப் பார்த்துச் சேற்றில் இறங்கி, வளைக்குள் வெறும் கையை விட்டு நண்டு பிடிப்பார். வளையின் வாயைப் பார்த்தே உள்ளே நண்டா பாம்பா என்று சொல்லிவிடுவார். எனக்கெல்லாம் பக்கத்தில் நிற்கவே குலை நடுங்கும்.

பழங்குடிப் பெண்கள் சொந்தமாகத் தொழில் செய்ய உதவுகிற திட்டம் ஒன்று வந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஏற்கெனவே தொழில் செய்கிற ஒருவர் மென்டாராக இருந்து வழிகாட்ட வேண்டும். எங்கள் ஊர் தலத்தெருவில் மசாலாப் பொடி பாக்கெட் போட்டு விற்கிறவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். சும்மா இருப்பேனா? ‘அதுக்கென்ன, ஜமாய்ச்சுடலாம்!’ என்று கிளம்பிவிட்டேன். கன்னியம்மா எனக்கு வந்தார்.

அதுவரைக்கும் பாலத்தடியில் ஒரு ஏஜென்ட் கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர். நான் அவரை நேராக ஹோட்டல்காரர்களிடம் அழைத்துப் போனேன். வாட்ஸ்அப்பில் நண்டு போட்டோ போடக் கற்றுக்கொடுத்தேன். காலைக் கட்டி, ஈரச் சாக்கில் போட்டு, உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன மதிப்பு என்று காட்டினேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு விஷயம். கன்னியம்மாவின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். காலேஜுக்குப் போகச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அந்த ஒரு தாளுக்காக அம்மாவும் மகளும் எத்தனை தடவை அலைந்திருப்பார்கள் என்று அவர்களுக்கே கணக்குத் தெரியாது. சான்றிதழ் கொடுக்கிற தாலுகா ஆபீஸில் எனக்கு ஒருவரைத் தெரியும். “நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாதே” என்று சொல்லியிருந்தேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். புதன்கிழமையன்று தெரிந்த சமையல் காண்ட்ராக்டர் ஒருவர் போன் செய்தார். சனிக்கிழமை ரிசப்ஷன், பதினைந்து கிலோ நண்டு கிடைக்குமா என்று கேட்டார். பதினைந்து கிலோ! உடனே கன்னியம்மாவுக்குப் போன் போட்டேன்.

“முடியுமாம்மா?”

ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம், “கொண்டாந்துடறேம்மா” என்றார்.

அந்த ஒரு நொடியை நான் கவனிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை, கையில் சோற்றோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அது காதில் கேட்டது.

கையைக் கழுவிவிட்டு போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆஃப். எங்கள் வீட்டுக்காரர், “இந்த மழையில எந்தப் பைத்தியக்காரியாவது ஆத்துல இறங்குவாளா? அவங்களுக்குத் தெரியாத ஆறா? சாப்பிடு” என்றார்.

நியாயம்தானே? ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தத் திட்டத்தின் பயிற்சி வகுப்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் பேசியது வரிக்கு வரி ஞாபகம் வந்தது. ‘வந்த ஆர்டரை மட்டும் விடவே கூடாது. ஒரு தடவை கையை விரிச்சீங்க… அவ்வளவுதான், அடுத்த தடவை உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க!’ முதல் வரிசையில் உட்கார்ந்து கண்கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

அவரையும் இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டேன். மழை சரம்சரமாக அடித்தது. போலகம் தாண்டியதும், “இதுக்கு மேல வண்டி போகாதுக்கா, மாட்டிக்கும்” என்று ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்தோம்.

கன்னியம்மா வீட்டு வாசலில் அவருடைய நாத்தனார் அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கன்னியம்மா எங்கே?”

“விடியக்காலம் போனாங்க.”

“எங்கே போனாங்க?”

“ஆத்துக்குத்தான். தண்ணி வத்துனா நண்டப் பாத்துட்டு வந்துருவேன்னுதான் போனாங்க.” அஞ்சலை ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். “இன்னிக்குத் தண்ணி வத்தவே இல்லீங்க. கடல் வாங்க மாட்டேங்குது.”

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மேலிருந்து வெள்ளம் வரும். கீழே வாடைக் காற்றில் கடல் பொங்கிக்கொண்டு அதை உள்ளே எடுத்துக்கொள்ளாது. தண்ணீர் நடுவில் நின்று ஏறிக்கொண்டே போகும்.

“மழைக்கு நண்டு அடியில போயிரும்மா. தோள் வரைக்கும் கைய உடணும். பாம்பும் அந்த வளையிலதான் வந்து ஏறும்” என்றார் அஞ்சலை. “வேணாம் அண்ணின்னு நான் எவ்வளவோ சொன்னேன்.”

“கேட்கலையா?”

“நீங்கதான் கேட்டீங்களாமே…”

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கரைக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். கன்னியம்மாவின் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் கரையோடு தேடிக்கொண்டு போயிருக்கிறார்களாம். ஆறு பழுப்பாக, நுரையும் குப்பையுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாழை மரம் வேரோடு உருண்டு போனது. அதைப் பார்த்ததும் ‘ஐயோ’ என்று கத்திவிட்டேன். கறுப்பாக எது மிதந்து வந்தாலும் எனக்கு அது ஆளாகத்தான் தெரிந்தது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் கரையில் முதல் பத்து நிமிஷம் நான் பயந்தது கன்னியம்மாவுக்காக இல்லை. எனக்காக. போலீஸ் வருமா, பேப்பரில் என் பெயர் வருமா, நீங்களெல்லாம் என்ன நினைப்பீர்கள்… அப்படியெல்லாம் மனசு ஓடியது. கொஞ்ச தூரத்தில் அவர் மகள் ஸ்கூல் யூனிஃபார்மோடு குந்தியிருந்தாள். அழவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். நாகூர் ஆண்டவரையும் விடவில்லை, வேளாங்கண்ணி மாதாவையும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சமையல் காண்ட்ராக்டர்!

“மேடம், மழையில மார்க்கெட்டுக்கு எதுவும் வரல போலிருக்கு. நண்டு கிடைக்கலேன்னா டென்ஷன் ஆகாதீங்க. சிக்கன்ல ரெண்டு ஐட்டம் சேர்த்துப் போட்டுக்கறேன். ஒண்ணும் பிரச்சினை இல்ல!”

ஒண்ணும் பிரச்சினை இல்லையாம். அவரைத் திட்டவா முடியும்? போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஒரு மணி நேரமும் இருக்கலாம், ரெண்டு மணி நேரமும் இருக்கலாம். திடீரென்று கன்னியம்மாவின் மகள்தான் முதலில் எழுந்தாள். “அம்மா…” என்றாள். ஆற்றைப் பார்த்து இல்லை, எங்களுக்குப் பின்பக்கம்.

திரும்பினால் வரப்பு மேல் மூன்று ஆண்கள். அவர்களுக்கு நடுவில் கன்னியம்மா! உச்சந்தலை வரை சேறு. வலது கை முழங்கைக்குக் கீழே கிழிந்து ரத்தம் மழையில் கரைந்துகொண்டிருந்தது. வெள்ளம் இழுத்துக்கொண்டு போய், அடுத்த திருப்பத்தில் ஒரு காட்டாமணக்குப் புதரில் விட்டிருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். தேடிப் போனவர்கள் கயிறு வீசி இழுத்திருக்கிறார்கள்.

மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன். கன்னியம்மாவின் இடுப்பில் சாக்கு. அதை அவிழ்த்து என் முன்னால் வைத்தார்.

“மன்னிச்சுக்கங்கம்மா. மூணு கிலோகூடத் தேறாது. பதினஞ்சு வரல.”

எனக்கு எங்கிருந்துதான் அப்படியொரு ஆத்திரம் வந்ததோ! இவ்வளவு நேரம் அடக்கி வைத்த பயமெல்லாம் கத்தலாக வெளியே வந்தது.

“உனக்குப் புத்தி இருக்கா? நண்டா பெரிசு? இந்தத் தண்ணியப் பார்த்தா உனக்குப் பயமே வரலையா?”

கன்னியம்மாவின் உதடு குளிரில் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“பயமாத்தாம்மா இருந்துச்சு. உங்களுக்கு அதவிடப் பயந்தேன்.”

“எனக்கா? எனக்கு எதுக்கு?”

“ஆர்டர உட்டுட்டா நீங்க கோச்சுக்கிட்டு, பாப்பா சர்ட்டிபிகேட்டுக்குச் சொல்லாம உட்டுட்டீங்கன்னா…”

நான் அப்படிச் செய்வேனா? செய்யவே மாட்டேன். ஆனால் அது எனக்குத்தானே தெரியும்? அவருக்கு எப்படித் தெரியும்? உதவி செய்கிறேன் என்று போன இடத்தில் மகளின் படிப்பையும் பதினைந்து கிலோ நண்டையும் நானே ஒரே முடிச்சில் போட்டு வைத்திருக்கிறேன். அதைக்கூட உணராமல், அவர் போட்டோவைப் போட்டு இந்தப் பக்கத்தில் பெருமையடித்திருக்கிறேன். நீங்களும் பாராட்டி எழுதினீர்கள்.

திங்கட்கிழமை அந்த ஆபீஸில் தெரிந்தவரிடம் போய், இனி அந்தப் பெண்ணிடமே நேராகப் பேசுங்கள், நடுவில் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். விண்ணப்ப ரசீதும் பேப்பர்களும் இப்போது மகள் கையில். சான்றிதழ் இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள்.

நேற்று கன்னியம்மாவைப் பார்க்கப் போனேன். கையில் ஏழு தையல். பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக எல்லாம் சொன்னேன். சான்றிதழ் வேறு, ஆர்டர் வேறு. முடியாததை முடியாது என்று சொன்னால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசில் பதிய வேண்டுமே என்று கடைசியில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

“இனிமே முடியலேன்னா, முடியாதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும். தெரிஞ்சுதா?”

கன்னியம்மா சட்டென்று எழுந்து நின்றார். “சரிங்கம்மா” என்றார்.

அன்றைக்குப் போனில் ‘கொண்டாந்துடறேம்மா’ என்று சொன்ன அதே குரல்.