சுங்க மாளிகையில் ஒரு நெடுந்தீவுக் கல்வேலி

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் வரிசையில் நின்று வெறும் அறைகளைப் பார்க்கிறது. பொய்யில்லை. நான் தாதியாக வேலை செய்யும் இந்த இங்கிலாந்துத் துறைமுக நகரத்தில் பழைய சுங்க மாளிகை, கம்பளி வியாபாரிகளின் மண்டபம், பூட்டிக் கிடந்த தேவாலயம் எல்லாவற்றையும் திறந்து, உள்ளே இந்தக் காலத்துக் கலைஞர்களின் வேலைகளை வைத்திருக்கிறார்கள். ஒரு அறையில் ஒரேயொரு கயிறு தொங்கியது. எங்கள் ஊரென்றால் அதில் ஒரு மாட்டைக் கட்டியிருப்பார்கள். இங்கே இருபது பேர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தோம்.

இருபது பேரும் எங்கள் ஆஸ்பத்திரிக்காரர். நான் போனது கலை பார்க்க இல்லை, எங்கள் தலைமைத் தாதி, வார்ட் சிஸ்டர், போகிறா என்றதால். என் தகுதிகாண் காலம் முடிய ஒரு கிழமைதான் இருந்தது. வேலை நிரந்தரமாவதும் நான் பெட்டி கட்டுவதும் அவ எழுதும் அறிக்கையில். முதல் அறிக்கையில், "பணிவானவர். ஆனால் சொன்னால்தான் செய்வார், தானாக ஒன்றுக்கும் கை நீட்டமாட்டார்" என்று எழுதியிருந்தா. வாசித்த அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் நிற்கும் இடத்தில் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னுக்கு நிற்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை நான். அந்த மரியாதையை இவ சோம்பல் என்று எடுத்துக்கொண்டா. எப்படி விளங்கப்படுத்துவது? "யெஸ் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன், வேறென்ன.

சுங்க மாளிகையின் கடைசி மண்டபத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவர் வரை, குறுக்கே, ஒரு கல்வேலி! சாந்தில்லை, சீமெந்தில்லை, கல்லுக்கு மேல் கல். எங்கள் நெடுந்தீவில் முருகைக்கல்லை, கடலில் விளைந்த பவளக்கல்லை, அடுக்கிக் காணிக்குக் காணி இப்படித்தான் வேலி. ஆனால் இதைக் கட்டினவனுக்குக் கட்டத் தெரியாது. நடுவில் ஆள் புகக்கூடிய அளவுக்குச் சரிந்து, கல்லெல்லாம் நிலத்தில் கிடந்தது. வழிகாட்டிப் பெண் அந்தக் கற்களைக் காட்டி, எல்லைகள் தாமாகவே உடைகின்றன, அதுதான் இந்தப் படைப்பின் உயிர் என்று கண்ணை மூடிக்கொண்டு விளக்கினாள்.

எல்லையாவது உடைகிறதாவது! எங்கள் ஊரில் வேலிக்கல் விழுந்து கிடந்தால் காணி யாருடையது என்று பார்ப்பதில்லை. கண்டவர் எடுத்து வைத்துவிட்டுத்தான் போகவேணும். பத்து வயதில் ஒருநாள், பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டது என்று விழுந்த கல்லைத் தாண்டி ஓடிவிட்டேன். பின்னேரம் திரும்பி வர, அந்த இடைவெளியால் மாடுகள் புகுந்து குரக்கன் பயிரை மொட்டையடித்திருந்தன. காணிக்கார அக்கா வேலியோர ஒழுங்கையில் நின்றா. "கண்டிட்டும் சும்மா போனனியோ பிள்ளை?" என்று கேட்டா. "ஓம்" என்றேன். அவ ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

கூட்டம் யன்னல் பக்கம் திரும்பியது. நான் இடைவெளிக்குள் புகுந்து குனிந்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஏலாது, கை செய்தது. சரிந்ததைக் கழற்றி, நீளக் கல்லைக் குறுக்கே போட்டு, இடையில் சின்னக் கல்லை இறுக்கிச் செருகினேன். ஐந்தாவது கல்லில், "டோன்ட் டச்!" என்று ஒரு அலறல்.

வழிகாட்டியின் முகம் சிவந்துவிட்டது. சிஸ்டர் கண் வெட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா. முடிந்தது கதை, இனிப் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

"மாடு வந்துவிடும்" என்றேன் ஆங்கிலத்தில். ஐயோ அம்மாளாச்சி, அதைத்தான் சொன்னேன்!

"எந்த மாடு?" என்று வழிகாட்டி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

மூலையில் கதிரையில் இருந்த தாடிக்காரன் எழும்பி வந்தான். கட்டினவன் அவன்தான். நான் வைத்த கல்லைத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. பக்கத்தில் தன் வேலையைத் தள்ளினான். மூன்று கல் பொலபொலவென்று விழுந்தது.

"நாலு தரம் கட்டினேன், நாலு தரமும் விழுந்தது" என்றான். "விழட்டும் என்று விட்டுவிட்டேன். விளக்கமெல்லாம் இவர்கள் சொல்வது. நீங்கள் கட்டிக் காட்டுவீர்களா?"

வழிகாட்டி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், பாவம். நான் பழக்கதோசத்தில் உத்தரவுக்காகச் சிஸ்டரைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலி கட்டவும் இவவைக் கேட்கவேணுமோ? கோட்டைக் கழற்றி அவவிடமே நீட்டினேன். "பிடியுங்கோ சிஸ்டர்." சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினேன்.

பிறகு ஒரு மணித்தியாலம் அந்த மாளிகைக்கு நான்தான் ராணி. "அந்தத் தட்டைக் கல்லைத் தாருங்கோ. அதில்லை, மற்றது. டொக்டர், காலில் போட்டிடாதேயுங்கோ!" டொக்டர்மார் கல் சுமந்தார்கள். சிஸ்டர் முழங்காலில் இருந்து சின்னக் கல் பொறுக்கித் தந்தா. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஆங்கிலம் போய்த் தமிழ் வந்துவிட்டது. அதற்கும் சரியான கல்லைத்தான் எடுத்துத் தந்தார்கள்.

கடைசிக் கல்லை வைக்க, வேலி என் நெஞ்சளவுக்கு நின்றது. கை தட்டினார்கள்.

"நர்ஸ், நான் எழுதினதை மாற்றவேணும்" என்றா சிஸ்டர்.

"மாற்றத்தான் வேணும்" என்றேன். அவ சிரித்துவிட்டா. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். எங்கள் ஊரில் தங்கள் காணிக்குள் நின்றுதான் வேலி கட்டுவது. அந்தப் பழக்கத்தில் நானும் உள்ளே நின்று கட்டி முடித்திருக்கிறேன். அவர்களும் வாசற்கதவும் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் நான் ஒருத்தி. தாடிக்காரன், "கொஞ்சம் பிரிப்போமா?" என்று கேட்டான்.

"கட்டின வேலியைப் பிரிக்கிறதோ!" என்றேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினேன். உச்சியில் ஒரு கால் இங்காலும் ஒரு கால் அங்காலுமாக இருந்தபோது சிஸ்டர் கையை நீட்டினா. "கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். எனக்குக் கீழே ஒரு கல்லும் அசையவில்லை.